வாசலில் கட்டணம் இல்லை, வழியில்தான் செலவு!

திருவிடைமருதூர்க் குடும்பம் சென்னைக்குப் போய் ஆக்கி பார்க்க முடியுமா?

தைப்பூசம் வந்துவிட்டால் திருவிடைமருதூரில் கால் வைக்க இடம் இருக்காது. மகாலிங்க சுவாமியைக் கும்பிடவும், காவிரியில் முழுக்குப் போடவும் மக்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கையில் கட்டுச்சோறு இருக்கும். இடுப்பில் குழந்தை இருக்கும்.

அந்த ஊரில் இருந்து, அதே மாதிரி கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, ஆக்கி ஆட்டம் பார்க்கச் சென்னைக்குப் போக முடியுமா?

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இது சிரித்துவிட்டு மறக்கிற கேள்வி அல்ல.

2025-ம் ஆண்டு நவம்பர் 28-ந்தேதி முதல் டிசம்பர் 10-ந்தேதி வரை, ஜூனியர் ஆண்கள் உலக கோப்பை ஆக்கி போட்டி தமிழ்நாட்டில் நடந்தது. சென்னையிலும் மதுரையிலும் ஆட்டங்கள் நடந்தன. 24 நாடுகள் கலந்துகொண்டன. அந்தப் போட்டியில் இத்தனை நாடுகள் ஆடியது அதுவே முதல் தடவை.

அந்த ஆரவாரம் அடங்கி ஒரு மாதம் ஆவதற்குள், 2026-ம் ஆண்டு ஜனவரி 3-ந்தேதி, ஆக்கி இந்தியா லீக் போட்டி சென்னையில் தொடங்கியது.

இரண்டுமே மார்கழிக் குளிரையொட்டி வந்தவை. இரண்டுமே திருவிடைமருதூரில் இருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டக்கூடியவை. உலக கோப்பைக்கு நுழைவுக் கட்டணம்கூடக் கிடையாது. பெயரைப் பதிவு செய்துகொண்டால் போதும்.

பிறகு என்ன தடை?

தடை வாசலில் இல்லை. வழியில் இருக்கிறது. வயலில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள்

முதலில் இந்த "லீக்" என்றால் என்ன?

உலக கோப்பையில் நாடும் நாடும் மோதும். லீக்கில் அப்படி அல்ல. பணம் போடும் முதலாளிகள் அணிகளை நடத்துகிறார்கள். ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். நேற்று எதிரியாக ஆடிய ஜெர்மனிக்காரரும், ஆஸ்திரேலியாக்காரரும், நம் ஊர்ப் பையனும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஆடுவார்கள்.

ஆக்கி இந்தியா லீக் 2013-ல் தொடங்கியது. 2017-க்குப் பிறகு நின்றுபோயிற்று. ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின், 2024 டிசம்பர் 28-ந்தேதி மீண்டும் உயிர் பெற்றது.

அதற்காக 2024 அக்டோபரில் ஏலம் நடந்தது. இந்திய அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சம் ரூபாய்க்கு ஓர் அணி எடுத்தது. அதுதான் அந்த ஏலத்தின் உச்ச விலை. தமிழ்நாட்டின் பெயரிலும் ஓர் அணி உண்டு. "தமிழ்நாடு டிராகன்ஸ்" என்று பெயர். அந்த அணி அமித் ரோகிதாசை 48 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது.

அந்த அணியில் செல்வம் கார்த்தியும் ஆடினார். அவர் அரியலூர்க்காரர். திருவிடைமருதூரில் இருந்து கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் அரியலூர்ச் சீமை வந்துவிடும்.

கூப்பிடு தூரத்தில் உள்ள ஊரில் பிறந்த பையன், உலக வீரர்களோடு தோளோடு தோள் நின்று ஆடுகிறான். இதை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை நேரில் பார்த்தால் என்ன ஆகும்? அதுதான் இந்தப் பயணத்தின் விலை மதிப்பு.

பால் பிடிக்கும் நேரம்

திருவிடைமருதூர்ப் பக்கத்தில் இப்படி ஒரு குடும்பத்தை எந்தத் தெருவிலும் காணலாம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். அம்மா வீட்டையும் மாட்டையும் கவனிக்கிறாள். அப்பாயி திண்ணையில் இருக்கிறாள். எட்டாவது படிக்கும் மகள் பள்ளிக்கூடத்தில் ஆக்கி மட்டை பிடிக்கிறாள். அவளுக்குக் கீழே ஒரு குட்டிப் பையன்.

"அப்பா! சென்னையில ஆக்கி நடக்குதாம். போவோமாப்பா?" என்று மகள் கேட்கிறாள்.

"பயிரு பால் பிடிக்கிற நேரம் பாப்பா. இப்ப எப்படி விட்டுட்டு வர்றது?" என்கிறார் அப்பா.

அவர் சொல்வது சாக்கு அல்ல. சம்பா பயிர் ஆவணி, புரட்டாசியில் இறங்குகிறது. தையில் அறுவடைக்கு வருகிறது. இடையில் உள்ள கார்த்திகையும் மார்கழியும்தான் கண்டம். மழை அதிகம் பெய்தால் வடிகாலை வெட்டி விட வேண்டும். மழை நின்றால் மடையைப் பார்க்க வேண்டும். பூச்சி விழுந்தால் மருந்து அடிக்க வேண்டும்.

2025 நவம்பர் கடைசியில் "டிட்வா" புயல் இலங்கையைச் சூறையாடிவிட்டுத் தமிழ்நாட்டுக் கரையை நோக்கி வந்தது. டெல்டா மாவட்டங்களில் கன மழை கொட்டியது. வயல்களில் தண்ணீர் தேங்கியது.

அதே நேரத்தில், நவம்பர் 29-ந்தேதி, மதுரையில் இந்திய ஜூனியர் அணி ஓமன் அணியை 17-0 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது.

அங்கே கோல் மழை. இங்கே வான மழை. எந்த விவசாயி வயலை விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறுவான்?

ஜனவரியிலும் நிம்மதி என்று சொல்ல முடியாது. 2021 ஜனவரியில் பருவம் தப்பிய மழை பெய்து, அறுக்க வேண்டிய கதிர் வயலிலேயே சாய்ந்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அதே கதைதான். சூடு பட்ட விவசாயி தை பிறக்கிற வரை ஊரைவிட்டு நகரப் பயப்படுகிறான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நெல்லை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் பாங்கிக் கணக்குக்கு வருவதற்கு மாசி ஆகிவிடும். அதற்குள் லீக் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

ஆட்டம் வரும்போது பணம் இல்லை. பணம் வரும்போது ஆட்டம் இல்லை!

பரீட்சையும் விடுமுறையும்

அப்பாவுக்கு வயல் என்றால் மகளுக்குப் பரீட்சை.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் அரையாண்டுப் பரீட்சை டிசம்பரில் வருகிறது. உலக கோப்பை ஆட்டங்கள் அதற்கு முந்திய நாட்களில் வந்தன. இந்தியா மூன்றாவது இடத்துக்காக அர்ஜென்டினாவோடு மோதியது டிசம்பர் 10-ந்தேதி, அது புதன்கிழமை. முதலில் 0-2 என்று பின்தங்கிய இந்தியப் பையன்கள், கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல்களைப் போட்டு 4-2 என்று வென்றார்கள். வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

சென்னை அரங்கத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். டெல்டாப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லீக் ஆட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. 2026 ஜனவரி 3-ந்தேதி சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்தது 5-ந்தேதி திங்கட்கிழமை. ஆகவே விடுமுறையின் கடைசி இரண்டு நாட்களில் ஒரு குடும்பம் போய்வர இடம் இருந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. டெல்டாக் குடும்பத்துக்குப் பொருந்தும் நாட்கள் மிகவும் குறைவு. பரீட்சைக்குப் பின், அறுவடைக்கு முன். அந்தச் சின்ன இடைவெளியில் ஆட்டம் வந்தால்தான் போக முடியும்.

பயணம் போடுவது எப்படி?

தேதி பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்ளட்டும். குடும்பம் எப்படிக் கிளம்புவது?

சென்னைக்குச் சுமார் 300 கிலோ மீட்டர். திருவிடைமருதூரில் ரெயில் நிலையம் உண்டு. ஆனால் எல்லா எக்ஸ்பிரஸ் வண்டியும் அங்கே நிற்பதில்லை. கும்பகோணத்துக்குப் போய் ஏறுவது நல்லது. தஞ்சாவூரில் இருந்து வரும் உழவன் எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. தூங்கி எழுந்தால் சென்னை வந்துவிடும். உழவன் பெயரில் ஓடும் வண்டியில் உழவன் குடும்பம் ஆட்டம் பார்க்கப் போவது பொருத்தம்தான்!

ரெயில் டிக்கெட்டு 60 நாட்களுக்கு முன்னதாகவே முன்பதிவுக்குத் திறக்கிறது. புத்தாண்டு, பொங்கல் நாட்களுக்கு வெகு சீக்கிரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே ஆட்டப் பட்டியல் வந்த அன்றே முடிவு செய்யவேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டு வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் என்றால், படுக்கை இல்லாமல் அரை டிக்கெட்டு. படுக்கை கேட்டால் முழு டிக்கெட்டு.

ஆட்டம் நடப்பது எழும்பூரில் உள்ள மேயர் ராதாகிருஷ்ணன் ஆக்கி அரங்கம். எழும்பூர் ரெயில் நிலையத்தில் இருந்து நடந்தே போகலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழும்பூர் நிலையத்தில் கட்டட வேலை நடந்ததால், 2025-ல் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்தினார்கள். வண்டி எதுவரை போகும் என்று டிக்கெட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. தாம்பரத்தில் இறங்கினாலும் பயம் இல்லை. மின்சார ரெயில் எழும்பூருக்கு வரும்.

பஸ்ஸில் போகிறவர்கள் இன்னொன்றை நினைவில் வைக்கவேண்டும். டெல்டா ஊர்களின் வெளியூர் பஸ்கள் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்கு மாறிவிட்டன. அது வண்டலூர் பக்கத்தில் இருக்கிறது. எழும்பூருக்கும் அதற்கும் வெகு தூரம். இரவு ஆட்டம் முடிந்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போய்ச் சேர நேரம் ஆகும்.

சென்னையில் ஓட்டல் அறை எடுத்தால் பயணச் செலவைவிட அறைச் செலவு மிஞ்சிவிடும். ஆகவே இரண்டு இரவு வண்டியில், ஒரு பகல் ஊரில் என்று வைத்துக்கொள்வதே சிக்கனம். திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டு, எந்த ஆட்டத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்யவேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிறகு ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடுகிறார்கள்.

காலையில் இறங்கி மாலை வரை என்ன செய்வது? எழும்பூரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் வெண்கலச் சிலை இருக்கிறது. காவிரிக் கரையில் வார்த்த சிலையைக் காவிரிக் கரைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஆட்டத்துக்கும் போகலாம்.

வயலை யார் பார்ப்பது? அதற்கும் வழி உண்டு. ஊரில் சித்தப்பா இருப்பார், மாமா இருப்பார். இந்தத் தடவை அவர் தண்ணீர் பார்க்கட்டும். அடுத்த தடவை அவர் குடும்பம் போகட்டும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் இந்த மாற்று ஏற்பாடு உண்டு. பிள்ளைகளின் ஆசைக்கும் ஒரு நாள் இருக்கலாமே!

பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும்

அம்மாவுக்கும் அப்பாயிக்கும் ஆக்கி புரியுமா? ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

அணிக்கு 11 பேர். ஆட்டம் நான்கு பகுதி. ஒவ்வொன்றும் 15 நிமிடம். இடைவேளைகளையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முழு நாள் உட்கார வேண்டியதில்லை.

கோலுக்கு முன்னால் ஓர் அரைவட்டம் போட்டிருப்பார்கள். தாக்கும் அணியின் மட்டை அதற்குள் பந்தைத் தொட்டால்தான் கோல். எங்கிருந்தோ நேராக அடித்த பந்து உள்ளே போனால் கணக்கு இல்லை. அந்த அரைவட்டத்துக்குள் தடுக்கும் அணி தப்பு செய்தால் "பெனால்டி கார்னர்" கிடைக்கும். அப்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அப்பாயியும் எழுந்து நிற்கலாம்.

பச்சை அட்டை காட்டினால் அந்த ஆட்டக்காரர் இரண்டு நிமிடம் வெளியே உட்காரவேண்டும். மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது ஐந்து நிமிடம். சிவப்பு அட்டை என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

தரை நீலமாக இருக்கும். அது செயற்கைப் புல். ஆட்டத்துக்கு முன்னால் அதன் மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள். "நெல்லுக்குத்தான் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஆட்டத்துக்கும் பாய்ச்சுகிறார்களே!" என்று அப்பாவுக்கு வியப்பாக இருக்கும். பந்து வழுக்கிக்கொண்டு ஓடவும், விழுந்தவன் தோல் உரியாமல் இருக்கவும் அந்தத் தண்ணீர் உதவுகிறது.

இந்தச் செயற்கைப் புல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1928 முதல் 1956 வரை நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் தொடர்ந்து ஆறு தடவை இந்தியாவுக்கே தங்கம். 1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைப் புல் வந்தது. இந்தியா ஏழாவது இடத்துக்குப் போயிற்று. 1980-ல் மாஸ்கோவில் மீண்டும் தங்கம் வென்றோம். அந்த அணியின் கேப்டன் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அதற்குப் பிறகு இந்தியாவுக்கு ஆக்கியில் ஒலிம்பிக் தங்கம் இல்லை. 2021-ல் டோக்கியோவிலும் 2024-ல் பாரீசிலும் வெண்கலம் கிடைத்தது.

கட்டாந்தரையில் பழகிய பிள்ளைக்குச் செயற்கைப் புல் வேறு உலகம். பந்தின் வேகம் வேறு. கால் வைக்கும் விதம் வேறு. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தால்தான் பிள்ளைக்குப் புரியும்.

மகள் யாரைப் பார்ப்பாள்?

இங்கேதான் பெரிய கேள்வி வருகிறது.

மட்டை பிடிக்கிறவள் மகள். சென்னையில் ஆடியவர்களோ ஆண்கள். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. மலேசியாவை 4-3 என்று இந்தியா வென்றது. அதுவும் ஆண்கள் போட்டி. ஜூனியர் உலக கோப்பையும் ஆண்கள் போட்டி. லீக்கின் சென்னைக் கட்டமும் ஆண்களுடையதுதான்.

பெண்களுக்கு லீக் இல்லாமல் இல்லை. 2025 ஜனவரியில் பெண்கள் லீக் முதன்முதலாக நடந்தது. நான்கு அணிகள் ஆடின. ஒடிசா அணி வென்றது. ஆனால் நடந்த இடம் ராஞ்சி. இரண்டாவது பருவமும் 2025 டிசம்பர் 28-ந்தேதி ராஞ்சியில்தான் தொடங்கியது.

ராஞ்சிக்கு அந்தப் பெருமை தகும். 1928-ல் முதல் தங்கம் வென்ற அணியின் கேப்டன் ஜெய்பால் சிங் அந்தச் சீமையின் ஆதிவாசி. அங்கே உள்ள ஆக்கி அரங்கத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் திருவிடைமருதூர் மகள் ராஞ்சிக்குப் போக முடியுமா? சென்னைக்கே இத்தனை கணக்குப் போடவேண்டி இருக்கிறது!

அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டலாம். ஆட்டத்தைக் கற்கலாம். ஆனால் "நானும் இப்படி ஆகலாம்" என்ற எண்ணம், தன்னைப் போல ஒருத்தி ஆடுவதைப் பார்க்கும்போதுதான் வேரூன்றும்.

என்ன செய்யலாம்?

நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, ஆட்டப் பட்டியலை ரெயில் முன்பதிவு திறப்பதற்கு முன்னால் வெளியிடவேண்டும். 60 நாள் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டாவது, பெண்கள் லீக்கின் சில ஆட்டங்களையாவது தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சென்னையில் அரங்கம் இருக்கிறது. உலக கோப்பைக்காக மதுரையிலும் அமைந்திருக்கிறது. ஆக்கியே உயிர் மூச்சான கோவில்பட்டியில் செயற்கைப் புல் இருக்கிறது.

மூன்றாவது, வெளி மாவட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் பஸ் ஏற்பாடு செய்யவேண்டும். வாசலில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் சென்னைக்காரருக்கு லாபம். வழிச் செலவைக் குறைத்தால்தான் டெல்டாக்காரருக்கு லாபம். ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து 40 பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் போய் வந்தால், 40 தகப்பன்மார் வயலை விட்டு நகர வேண்டியதில்லை.

குடும்பங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த பருவத்துக்கு இப்போதே ஓர் உண்டியல் வைக்கவேண்டும். மாசியில் நெல் பணம் வரும்போது அதில் கொஞ்சம் அந்த உண்டியலுக்குப் போகட்டும். மார்கழியில் ஆட்டம் வரும்போது கை கடிக்காது.

"டெலிவிஷனில் பார்த்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம்.

டெலிவிஷனில் பந்து தெரியும். பந்து இல்லாத இடத்தில் ஆட்டக்காரர் எப்படி ஓடுகிறார், எங்கே போய் நிற்கிறார் என்பது முழுதாகத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

"கட்டிக் கொடுத்த சோறும், சொல்லிக் கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?" என்று பழமொழி உண்டு. கட்டுச்சோறு ஒரு நாளைக்கு. சொல்லிக் கொடுத்தது ஒரு வாரத்துக்கு.

கண்ணால் கண்டது ஆயுசுக்கும் இருக்கும். எட்டாவது படிக்கும் அந்த மகளுக்கு அப்படி ஒரு நாள் வேண்டும். அடுத்த மார்கழியில் அவள் ஒன்பதாவது படிப்பாள். அதற்கு அடுத்த மார்கழியில் பத்தாவது. அப்போது பொதுப் பரீட்சை நெருங்கிவிடும். அவளுக்காக மீதி இருக்கும் மார்கழி ஒன்றுதான்!